தூக்கத்துக்கான வேர் மருந்துகள்: எந்த வேருக்கு எந்தப் பக்குவம்

அமுக்கரா (அசுவகந்தா) வேர்ப்பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் பலனில்லை என்பார் ஒருவர். மணமுள்ள வேரான சடாமாஞ்சிலை அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டுவிட்டு அதையே சொல்வார் இன்னொருவர். இரண்டு பேரும் எடுத்த வேர் சரிதான். பக்குவம்தான் இடம் மாறிவிட்டது. அமுக்கராவின் முக்கியப் பொருள்களான வித்தனோலைடுகள் தண்ணீரில் லேசில் கரையாது. அதற்குக் கொழுப்பும் நிதானமான சூடும் வேண்டும். மணமுள்ள வேர்களின் சாரமோ ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் அடுப்படி மணக்கும், குவளையில் ஒன்றும் இருக்காது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள எல்லாப் பக்குவங்களும் எளிதாகப் புரியும்.

யார் எடுக்கக்கூடாது என்பது கடைசியில் இருக்கிறது. அதை முதலில் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

அமுக்கரா வேரைப் பார்த்து வாங்குவது

பொடியாக வாங்காமல் முழு வேராக வாங்குங்கள். நல்ல வேர்த்துண்டு சுமார் 7 செ.மீ. நீளம், 1 முதல் 1.5 செ.மீ. பருமன் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். ஒடிந்த முகம் வெள்ளையாக, மாவு படிந்ததுபோல் இருக்க வேண்டும். விரலால் தேய்த்தால் கொஞ்சம் ஒட்டும். ஒடியாமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே மஞ்சளாக, பொந்தாக, நாராக இருந்தால் அது முற்றிப்போனது அல்லது கழித்துப்போட்ட தரம். வேரில் ஊசி முனையளவு துளைகளும் பையின் அடியில் மெல்லிய தூளும் தெரிந்தால் வண்டு விழுந்த சரக்கு. மாவுச்சத்து மிகுந்த வேர் என்பதால் வண்டுக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

பொடிதான் கிடைக்கிறது என்றால் நிறத்தைப் பாருங்கள். வெளிர்ப் பழுப்பு அல்லது மங்கிய வெள்ளை சரி. பச்சை சாயல் அடித்தால் இலையோ தண்டோ கலந்திருக்கிறது. இலையில் வித்தஃபெரின்-ஏ என்ற வீரியமான பொருள் வேரைவிடக் கூடுதல். இந்திய ஆயுஷ் அமைச்சகமே 2021-ல், இலையைப் பயன்படுத்த வேண்டாம், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. இந்த வேருக்குக் குதிரை லாயத்து வாடை இயல்பு. அந்த வாடையே இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

வேரை நாரால் தேய்த்து மண் போக்கி, ஓடும் தண்ணீரில் சட்டென்று அலசி, துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஊறவைத்துக் கழுவ வேண்டாம். பிறகு உரலில் இடித்து ரவையைவிடக் கொஞ்சம் பருமனான பருபொடியாக்குங்கள். மிக்சியில் அரைப்பதானால் சில விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடேறும், நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும்.

பால் கஷாயம்

தூக்கத்துக்கு ஒரே ஒரு பக்குவம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பழைய கணக்கு 1 : 8 : 32. வேர் ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு. ஒருவருக்கு:

வேர்ப் பருபொடி 5 கிராம்
பால் 40 மி.லி.
தண்ணீர் 160 மி.லி.

தண்ணீர் முழுதும் வற்றிப் பாலளவு மட்டும் நிற்க வேண்டும். அதைக் கண்ணால் மதிப்பிட்டால் தவறும். எனவே முதலில் அடி கனமான, வாய் குறுகிய பாத்திரத்தில் 40 மி.லி. தண்ணீரை மட்டும் ஊற்றி, சுத்தமான ஒரு குச்சியை நேராக நிறுத்தி, நனைந்த மட்டத்தில் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். பிறகு அவ்வப்போது அந்தக் குச்சியை விட்டுப் பார்த்தாலே எவ்வளவு வற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பருபொடியைத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறாமல் நேராகச் சூடேற்றினால் வெளிப்புற மாவு முதலில் வெந்து பசையாகி, உள்ளே தண்ணீர் போவது தடைப்படும். ஊறியதும் பாலைச் சேர்த்துச் சிறுதீயில் வையுங்கள். கொதி வரும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அதன்பின் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியை அடியோடு ஓட்டினால் போதும். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஆகும். கீறிய மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். ஊறிய வேரும் கொஞ்சம் பாலைக் குடித்துக்கொண்டிருக்கும். சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடித்து முறுக்கிப் பிழியுங்கள். ஆறவிட்டால் கெட்டிப்பட்டுத் துணியில் இறங்காது.

கொழுப்பு நீக்கிய பாலானால் அரைத் தேக்கரண்டி நெய் சேர்க்கலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வேரைத் தண்ணீரில் மட்டும் காய்ச்சி, இறக்கியபின் கெட்டியான தேங்காய்ப்பால் கலக்கலாம். தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றி வற்றவைத்தால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும்.

எதெது கெடும், ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மாவுபோல் அரைத்த பொடியைப் போட்டால் பத்தே நிமிடத்தில் கூழாகிவிடும், அடி பிடிக்கும். கருகல் வாசம் வந்த கஷாயத்தைக் காப்பாற்ற வழியில்லை, கொட்டிவிட வேண்டியதுதான். கொதிக்கும்போது வெல்லமோ கருப்பட்டியோ போட்டால் பால் திரியலாம். இறக்கி, வடித்து, குடிக்கும் சூட்டுக்கு வந்தபின் கலக்குங்கள். தேனும் அப்படித்தான், வெதுவெதுப்பில் மட்டும். காலையில் செய்து இரவுக்கு எடுத்துவைக்கிற யோசனை வேண்டாம். சித்த மருத்துவ மரபில் குடிநீர் வகைக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். பால் சேர்ந்ததற்கு அந்தக் கணக்கை மீறவே கூடாது.

40 மி.லி. என்பது பலருக்குக் குறைவாகத் தோன்றும். அதுதான் இதன் நல்ல குணம். பெரிய டம்ளர் பாலில் பொடியைக் கலக்கிப் படுக்கும் நேரத்தில் குடிப்பவர்கள் நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். படுப்பதற்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் முன்பு குடியுங்கள்.

முதல் வாரம் 2 கிராம் வேரோடு தொடங்கி, வயிறு ஏற்றுக்கொண்டால் 3, பிறகு 5 என்று ஏற்றுங்கள். பால், தண்ணீர் அளவையும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் வேர்ப்பொடி என்பது ஆயுர்வேத மருந்தியல் நூலின் அளவு. எடுத்தவுடன் ஆறு கிராம் போட்டால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வர வாய்ப்புண்டு. தேக்கரண்டியை நம்ப வேண்டாம். குவித்து எடுப்பதற்கும் வழித்து எடுப்பதற்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

அன்றிரவே தூங்கவைக்கும் மருந்து இதுவல்ல. 2012-ல் வெளியான, மன அழுத்தம் உள்ள 64 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், வேரின் செறிவூட்டிய சாறு 300 மி.கி. நாளுக்கு இரண்டு முறை 60 நாள் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்கு அழுத்தத்தின் அளவீடும் ரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனும் கூடுதலாகக் குறைந்தன. கணக்கு வாரங்களில்தான் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த 300 மி.கி. செறிவூட்டிய சாறு, வீட்டுப் பொடியின் 300 மி.கி. அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாத்திரையும் கஷாயமும் சேர்த்து எடுப்பது அளவு மீறுவதற்குச் சுலபமான வழி.

அமுக்கராச் சூரணம்

சித்த மருத்துவத்தில் புகழ்பெற்ற இந்தச் சூரணத்தின் அளவு இரட்டித்துக்கொண்டே போகும். அதனால் மனத்தில் நிறுத்துவது எளிது.

கிராம்பு 1 கிராம்
சிறுநாகப்பூ 2
ஏலம் 4
மிளகு 8
திப்பிலி 16
சுக்கு 32
அமுக்கரா 64
சர்க்கரை 128

மொத்தம் 255 கிராம். இதில் அமுக்கரா கால் பங்குதான். நாலு கிராம் சூரணத்தில் ஒரு கிராம் வேர்தான் உள்ளே போகிறது. மிளகு, திப்பிலி, சுக்கு மூன்றும் சேர்ந்து 56 கிராம். மந்தம், வாயு, உடல்வலி இவற்றோடு வரும் தூக்கக்குறைவுக்கு இது பொருந்தும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உள்ளவர் படுக்கும் நேரத்தில் இதை எடுத்தால் எரிச்சலே எழுப்பிவிடும். தூக்கத்துக்கென்று எல்லாருக்கும் இந்தச் சூரணத்தைக் கைகாட்டுவது சரியில்லை என்பது எங்கள் கருத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் சரிபாதி சர்க்கரை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செய்வதானால் சுத்தியில், அதாவது சரக்குகளைத் தூய்மை செய்யும் முறையில், குறுக்குவழி எடுக்காதீர்கள். அமுக்கராவைப் பொடித்துப் பிட்டவியலில் வேகவைக்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் பாதி அளவுக்குப் பாலும் தண்ணீரும் சமமாக ஊற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டி, துணியின் மேல் பொடியைப் பரப்பி, இன்னொரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி, பாலின் ஆவியில் அவியுங்கள். பால் துணியைத் தொடக்கூடாது. தொட்டால் பொடி சகதியாகி, காயும் முன்பே புளித்துவிடும். வெந்த பொடியை எடுத்துத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். கட்டியை விரலிடுக்கில் நசுக்கினால் பொலபொலவென்று உதிரும்வரை காய வேண்டும். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் ஒரு மாதத்தில் சூரணம் முழுதும் வாடை அடித்துவிடும்.

சுக்குக்குப் புற நஞ்சு என்பார்கள், மேல்தோலைச் சீவிவிடுங்கள். மிளகைப் புளித்த மோரில் ஒன்றேகால் மணி நேரம் ஊறவைத்துக் காயவையுங்கள். மற்றவற்றைச் சூடேறும்வரை இளவறுப்பாக வறுத்தால் போதும், மணம் எழும்பியதுமே இறக்குங்கள். எல்லாவற்றையும் தனித்தனியே இடித்து, துணியில் சலித்து, சலித்த பிறகு எடை போட்டுக் கலக்க வேண்டும். முதலில் எடை போட்டு, பிறகு சலித்தால் நார் அதிகமுள்ள சுக்கிலும் அமுக்கராவிலும் கப்பி நிறையக் கழிந்து, விகிதமே மாறிவிடும். சர்க்கரையைக் கடைசியில், அதுவும் மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். சூரணத்தின் ஆயுள் அவ்வளவுதான். சர்க்கரை ஈரத்தை இழுத்துக் கட்டியாக்கிவிடும். 1 முதல் 2 கிராம், இரவு உணவுக்குப் பின் வெதுவெதுப்பான பாலில்.

அமுக்கரா நெய்

மெலிந்தவர்கள், உடம்பு வறண்டவர்கள், பால் அளவைக் கூட்ட முடியாதவர்கள் நெய்யாகச் செய்துகொள்ளலாம். கல்கம் (வேர் விழுது) 1, நெய் 4, திரவம் 16 என்பது கணக்கு. 50 கிராம் வேரைப் பொடித்துத் தண்ணீர் விட்டு விழுதாக்கி, 200 கிராம் நெய், 800 மி.லி. பால் சேர்த்து, வாயகன்ற பாத்திரத்தில் சிறுதீயில் வற்றவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் பாலின் திட்டு கருகி நெய் முழுதும் கசக்கும்.

பதம்தான் இதில் முழு வித்தை. முதலில் நுரை நிறைய எழும். தண்ணீர்ச் சத்து போகப் போக நுரை அடங்கிவிடும். நெய் தெளிந்து, அடியில் கசண்டு ஒதுங்கும். அதில் கொஞ்சம் எடுத்து ஆற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுங்கள். விரலில் ஒட்டாமல், உடையாமல், மெழுகுபோல் திரியாக நீள வேண்டும். அந்தத் திரியைத் தீயில் காட்டுங்கள். சடசடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். உருட்டும்போது மணலாக உதிர்ந்தால் தாண்டிவிட்டது. ஈரத்தோடு இறக்கிய நெய் ஊசிப்போகும். சரியான பதத்தில் வடித்தது ஆறு மாதம் இருக்கும். இரவில் ஒரு தேக்கரண்டி, வெந்நீரோடு. எடுக்கும் கரண்டி ஈரமில்லாமல் இருக்கட்டும்.

மணமுள்ள வேர்கள்: கொதிக்கவிடாதீர்கள்

சடாமாஞ்சில் பார்ப்பதற்குப் பழுப்பு நிற நார் சுற்றிய வால்போல் இருக்கும். அந்த நாருக்குள் மண் ஒளிந்திருக்கும். தட்டி உதறி, ஒருமுறை சட்டென்று அலசி, கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்குங்கள். 2 கிராமைப் பீங்கான் குவளையில் போட்டு, கொதித்து இறக்கி ஒரு நிமிடம் ஆன தண்ணீர் 100 மி.லி. ஊற்றி, உடனே தட்டால் மூடி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். மூடியைத் திறக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரை வெளியே உதறாமல் குவளைக்குள்ளேயே தட்டிவிடுங்கள்; ஆவியோடு கிளம்பிய எண்ணெய் அதில்தான் இருக்கிறது. மடித்த துணியில் வடித்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடிக்கலாம். உடல் சூடு மிகுந்தவர்கள் அதே அளவைப் பச்சைத் தண்ணீரில் காலையில் மூடிப்போட்டு ஊறவைத்து இரவில் வடித்துக் குடிப்பதுண்டு. கோடையில் அந்த ஊறல் கெட்டுவிடும் என்பதால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இமயமலையில் 3,000 மீட்டருக்கு மேல் விளையும் இந்தச் செடியின் கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும். அழிவின் விளிம்பில் இருப்பதால் இதன் வணிகம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தினப்படி பழக்கமாக்காமல், பதற்றம் மிகுந்த நாள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே முறை.

வலேரியன் ஐரோப்பிய மரபின் தூக்க வேர், சடாமாஞ்சிலின் குடும்பம்தான். காய்ந்த வேருக்கு அழுக்குக் காலுறை நாற்றம் அடிக்கும். அது கெட்டுப்போன அறிகுறி அல்ல. நறுக்கிய வேர் 2 முதல் 3 கிராம், வெந்நீர் 150 மி.லி., மூடி 15 நிமிடம். படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. தொடர்ந்து இரண்டு முதல் நான்கு வாரம் எடுத்தபின்தான் இதை எடைபோட வேண்டும். இதையும் சடாமாஞ்சிலையும் ஒரே இரவில் சேர்க்க வேண்டாம். பொதுவாகவே ஒரு நேரத்தில் ஒரு வேர் என்று வைத்துக்கொண்டால்தான் எது உதவுகிறது, எது வயிற்றைக் கெடுக்கிறது என்று தெரியும்.

வெட்டிவேரும் தண்ணீர்விட்டான் கிழங்கும் குளிர்ச்சிக்கு நல்லவை. தூக்க மருந்தென்று சொல்லும் அளவுக்கு இல்லை. இனிப்புக்காக அதிமதுரம் சேர்ப்பவர்கள் ரத்த அழுத்தம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். அது அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

வீட்டில் தொடக்கூடாதவை

சர்ப்பகந்தி வேர் உண்மையிலேயே தூங்கவைக்கும். ஆபத்தும் அதில்தான். 1952-ல் இதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் ரத்த அழுத்தத்தைக் கடுமையாகக் குறைக்கும், மனச்சோர்வைக் கொண்டுவரும். வேருக்கு வேர் வீரியம் மாறுவதால் வீட்டுத் தராசால் இதை அளக்க முடியாது. வசம்பும் உள்ளுக்கு வேண்டாம். அதிலுள்ள, புற்றுநோய் அச்சம் கொண்ட பீட்டா-அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்கா 1968-லேயே உணவில் தடைசெய்துவிட்டது.

யார் எடுக்கக்கூடாது, எப்போது நிறுத்துவது

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அமுக்கராவை எடுக்கக்கூடாது. தைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவர்களும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே. இந்த வேர் தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடியது. கல்லீரல் நோய், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், உறுப்பு மாற்று மருந்துகள் இருந்தாலும் வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டும் அளவுக்கு மீறி இறங்கலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, வலிப்பு மருந்து, மது இவற்றோடு மேலே சொன்ன எந்த வேரையும் சேர்க்காதீர்கள். எடுத்த மறுநாள் காலையில் தலை கனமாக இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது, அளவைப் பாதியாக்குங்கள்.

அரிதாக, அமுக்கரா தொடங்கிய சில வாரங்களில் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் அடர்மஞ்சள், கண் வெள்ளையில் மஞ்சள், பசியின்மை. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். என்ன வேர், எவ்வளவு, எத்தனை நாள் என்பதை எழுதியே எடுத்துப்போங்கள். அறுவைச் சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று மாதத்தோடு முடிந்துவிடுவதால், அதற்கு மேல் இடைவெளியில்லாமல் தொடர வேண்டாம்.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாகத் தொடர்ந்தாலோ, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக உடன் படுப்பவர் சொன்னாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ வேரைத் தேடி நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.